வாசலில் கட்டிய வேப்பிலை

சிவனம்மாள் கையில் டார்ச் விளக்கோடு தெருவில் இறங்கினால் கைப்பிள்ளைக்காரிகள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். திண்டுக்கல் பக்கத்து ஆத்தூருக்குத் தெற்கே, கனகாம்பரமும் தக்காளியும் போட்டிருக்கிற அந்தச் சின்ன ஊரில் அவளுக்கு 'டார்ச்சுக்காரி' என்றே பெயர். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் போய் நிற்பாள். பிள்ளையை இருட்டு மூலைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு கண்ணாக வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்றால் பிள்ளையை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுவாள். கொடுக்கிற காப்பியைக்கூடக் குடிக்க மாட்டாள்.

"பிள்ளையப் பறிகொடுத்தவ வந்து கண்ணு வச்சிட்டுப் போறா" என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அவள் காதில் விழுந்தால் திரும்பி வருவாள். "நான் வைக்கிற கண்ணுல ஒண்ணும் ஆகாதுடி. உங்க வாய மூடிக்கிட்டு இருக்கீகளே, அதுலதான் புள்ளைக சாகுது" என்பாள். அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை.

அவள் பிறவிச் சண்டைக்காரி இல்லை. 1993 தை மாதம் சித்தையன்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவள் குரல் எப்படி இருக்கும் என்றே பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. மாப்பிள்ளை சோலைமலை முக்கால் ஏக்கர் பூந்தோட்டக்காரன், நல்ல உழைப்பாளி, குடி கிடையாது. குறையென்றால் ஒன்றே ஒன்று. இடது கண் இல்லை. அந்த இடத்தில் இமை உள்வாங்கிக் கிடக்கும்.

பெண் பார்க்க வந்தபோதே அதைச் சொல்லிவிட்டார்கள். "சின்னப் புள்ளையில அம்மை போட்டுச்சு. ஆத்தா ஒரு கண்ண எடுத்துக்கிட்டா." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் ஆத்தா எடுத்துக்கொண்டது என்றால் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மாரியம்மனையே சந்தேகப்பட்ட மாதிரி. அது குறையாகவும் சேராது. ஆத்தாள் விளையாடிய உடம்பு என்று ஒரு மரியாதைகூட உண்டு.

சோலைமலையின் முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. அம்மை வந்து கண் போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள், கன்னமெல்லாம் குழிகுழியாக இருக்கும். இவன் முகம் வழுவழுவென்று இருந்தது. கல்யாணமான முதல் வாரமே கவனித்தாள். கண்ணோடு நிறுத்திக்கொண்டாளே மகராசி என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. இன்றைக்கும் ஊர்மேல் இருக்கிற கோபத்தில் கால்வாசியைத் தனக்கென்று அவள் ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்றால், அது இதற்காகத்தான்.

சோலைமலையை வளர்த்தவள் அவனுடைய அக்கா மூக்காயி. அவனைவிட எட்டு வயது மூத்தவள். தாய் சீக்கிரமே போய்விட்டதால் அவள் இடுப்பில்தான் அவன் வளர்ந்தான். அதே ஊரில் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், காளீஸ்வரி என்று ஒரே பெண். மூக்காயி கெட்டவள் இல்லை. சிவனம்மாளுக்குத் தலைப்பிரசவம் பார்த்தவள், பத்தியச் சோறு பொங்கிப் போட்டவள். பங்குனிப் பொங்கல் தவறாமல் தம்பி பெயரில் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறவள். கெட்டவளாக இருந்திருந்தால் சிவனம்மாளுக்கு வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

தீபா பிறந்தது 1994 கார்த்திகையில். நல்ல துறுதுறுப்பு. நடக்கத் தொடங்கியதுமே பூக்கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வாள். 1996 ஆடி மாதம், விளக்கு வைக்கிற நேரம். சிவனம்மாள் உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள். மூக்காயி வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தெருவிளக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் பக்கவாட்டில் பட்டதும் பிள்ளையின் வலது கண் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியது.

"மதினி, கண்ணு என்னமோ மின்னுது பாருங்க" என்று சிவனம்மாள் கதவு வழியே பார்த்துச் சொன்னாள்.

மூக்காயி முந்தானையை எடுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். அந்த மூடல் அப்போது சிவனம்மாளுக்குப் புரியவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தெரியாதவள் உற்றுப் பார்ப்பாள். தெரிந்தவள்தான் மூடுவாள்.

மறுநாள் விடிந்ததும் மூக்காயி ஒரு கட்டு வேப்பிலையோடு வந்து நிலைப்படியில் கட்டினாள். "ஆத்தா புள்ள கண்ணுக்குள்ள எறங்கியிருக்கா. அவ அப்பனுக்கு வந்த மாதிரியே வந்திருக்கா. பங்குனிப் பொங்கலுக்கு ரெண்டு கண்மலர் சாத்துறோம்னு வேண்டி மஞ்சத்துணி கட்டியிருக்கேன். அதுவரைக்கும் வீட்டுல தாளிக்கப்படாது. மருந்து மாத்திரை ஆகாது."

"ஆஸ்பத்திரியில ஒரு எட்டு காமிச்சிட்டு வந்திரலாமா மதினி?"

"வேப்பிலை கட்டுன வீட்டுல இருந்து ஊசி போடப் போவியா? ஒரு கண்ண எடுத்தவ ரெண்டு கண்ணையும் எடுக்கட்டும்னு பாக்குறியா?"

சிவனம்மாள் வாயை மூடிக்கொண்டாள். அம்மை கண்ட வீட்டுக்கு இருக்கிற சட்டம் அதுதான். மருந்து வாங்கப் போனால் ஆத்தாளுக்குக் கோபம் வரும், வெளியாள் யாரும் வாசற்படி தாண்டக் கூடாது. தடுப்பூசி போட வருகிற கிராமத்து நர்ஸ் ஜோஸ்பினுக்கும் இந்தச் சட்டம் தெரியும். ஆவணியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவள், நிலைப்படியில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனாள். ஊருக்கு மரியாதை தெரிந்த நர்ஸ் என்று அவளைப் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

தை மாதம் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற நாள். ஒரு பிள்ளையையும் விடக் கூடாது என்று உத்தரவு. ஜோஸ்பின் வாசலில் நின்றபடியே, "உள்ள வரல சிவனம்மா. புள்ளையத் தூக்கிட்டு வாசலுக்கு வா, ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போயிடுறேன்" என்று கூப்பிட்டாள்.

பிள்ளையைப் பார்த்ததும் அவள் மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது கண் சிவந்து பிதுங்கி, இமை மூடாமல் இருந்தது.

"எத்தன நாளா?"

"ஆடியிலருந்து சிஸ்டர்."

ஜோஸ்பின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு தடவ இந்த வாசல் வரைக்கும் வந்தேனே. இந்தத் தழையப் பாத்துட்டுத் திரும்பிப் போனேனே, கடவுளே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரையும் அவளே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெரிய கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பிள்ளையின் இரண்டு கண்ணையும் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசுல கண் போயிருக்கா?" என்று கேட்டார். கையில் துணிப்பையோடு கதவோரம் நின்ற சோலைமலையைச் சிவனம்மாள் காட்டினாள். "இவருக்குங்கம்மா. அம்மையில போச்சு."

டாக்டரம்மா அவனை உட்கார வைத்து இமையைத் தூக்கிப் பார்த்தார். கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மை வந்த முகமா இது? இது ஆபரேஷன் பண்ணி எடுத்த கண்ணு" என்றார். "கண்ணுக்குள்ள வர்ற கேன்சர் இது. பிறக்கும்போதே உடம்போட வர்றது. உங்களுக்கு ரெண்டு வயசிலயோ மூணு வயசிலயோ யாரோ நல்ல டாக்டர் கண்ண எடுத்து உங்களக் காப்பாத்தியிருக்காங்க. உங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு வந்திருக்கு. உங்க வம்சத்துல கண் நல்லா இருக்கிறவங்க வழியாக்கூட அவங்க பிள்ளைகளுக்கு வரலாம். இது தெரிஞ்சிருந்தா பிறந்த மாசத்திலேயே பாத்திருக்கலாமே. ஆறு மாசத்துக்கு முன்னால வந்திருந்தாக்கூடக் கண்ண எடுத்துட்டுப் பிள்ளையப் பிழைக்க வச்சிருக்கலாம். இப்ப நரம்பு வழியா வெளியே போயிடுச்சு."

"எங்கக்கா பொய் சொல்லாதுங்கம்மா" என்றான் சோலைமலை. அவனுக்கு நிஜமாகவே எதுவும் தெரியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்ததும் சிவனம்மாள் கத்தினாள். அவள் வாழ்க்கையில் முதல்முதலாகக் கத்தியது அன்றைக்குத்தான். என்ன கத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று ஜோஸ்பின் பிறகு சொன்னாள். அன்றைக்குத் திறந்த வாயை அவள் பிறகு மூடவே இல்லை.

ஊருக்கு வந்து மூக்காயியைக் கேட்டாள். மூக்காயி கோயிலுக்குப் போய்க் கற்பூரத்தை ஏற்றி அடித்துச் சொன்னாள். "அம்மைதான். ஆத்தா மேல சத்தியம்." சத்தியம் செய்தவளை ஊர் நம்பியது. சோலைமலை யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சவரம் செய்கிறபோது கண்ணாடியில் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பேசாமையும் சிவனம்மாளுக்கு ஆத்திரமூட்டியது.

தீபாவின் கண்ணை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, மறுபடி முளைத்தது, மறுபடி கொட்டியது. கட்டுப் பிரித்த பிறகு பிள்ளை அப்பாவின் மடியில் ஏறி அவன் குழிந்த இமையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தன் இமையைத் தொட்டாள். "அப்பாவுக்கும் இல்ல, பாப்பாவுக்கும் இல்ல" என்று சிரித்தாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. 1998 ஆவணியில் அவள் போனபோது வயது நான்கு நிறையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு, சிவனம்மாள் மூக்காயியை அடுப்படியில் மறித்தாள். "இப்பவாச்சும் சொல்லு. அந்தக் கண்ணு எப்படிப் போச்சு?"

மூக்காயி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மதுரையில ஒரு மிசன் ஆஸ்பத்திரி. வெள்ளக்கார டாக்டரு. எனக்குப் பத்து வயசு, எங்கப்பா கூட நான்தான் அவன இடுப்புல தூக்கிட்டுப் போனேன். கண்ணு இதே மாதிரிதான் மின்னுச்சு. கண்ணுல கட்டின்னாக, எடுத்தாக. திரும்பி வாரப்ப பஸ்ஸுலயே எங்கப்பா சத்தியம் வாங்குனாரு. நம்ம வம்சத்துல இப்படி ஒரு நோய்னு தெரிஞ்சா உன்னையும் ஒருத்தனும் கட்டமாட்டான், இவனுக்கும் ஒருத்தியும் வரமாட்டா, அம்மைன்னு சொல்லுன்னாரு. அன்னைலருந்து சொல்லிக்கிட்டு வாரேன்."

"எம்புள்ள கண்ணு மின்னுன அன்னைக்கே உனக்குத் தெரியும்."

"ஆத்தா நெசமாவே காப்பாத்திருவான்னு நெனச்சேன்டி. சத்தியமா நெனச்சேன்." பிறகு குரலை இறக்கினாள். "எம்மக காளிக்குப் பதினாலு வயசாச்சு. வெளிய சொல்லிராத தாயி. உங்கால்ல விழுகுறேன்."

சிவனம்மாள் சொன்னாள். கிணற்றடியில் சொன்னாள், பூப்பறிக்கிற இடத்தில் சொன்னாள், திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று சொன்னாள். ஒருத்தரும் நம்பவில்லை. மூக்காயி வெளியில் கேட்டவர்களிடம் பழையபடி அம்மை என்றே சொன்னாள். ஆத்தா எடுத்த கண்ணை வேறென்னவோ என்கிறாளே, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். சாமி குற்றம் சேர்க்கிறாள் என்று ஒரு பொங்கலுக்கு அவள் வீட்டில் கோயில் வரி வாங்காமல்கூடத் தள்ளி வைத்தார்கள். பொய் சொன்னவள் முளைப்பாரி எடுத்தாள். உண்மை சொன்னவள் வேலிக்கு வெளியே நின்றாள். அவளுக்கு வந்த கோபத்தில் என்ன குற்றம் இருக்கிறது?

2000-இல் முகேஷ்குமார் பிறந்தான். தீட்டுக் கழிவதற்கு முன்பே, பத்தாம் நாள், பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். ஊரே வாயைப் பிளந்தது. சோலைமலை துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். மூன்றாவது தடவை காட்டப் போனபோது வலது கண்ணின் ஓரத்தில் மிளகளவு ஒரு புள்ளி தெரிந்தது. அதை உறைய வைத்துக் கருக்கினார்கள். கண் தப்பியது. இப்போது அவனுக்கு ஆறு வயது, தடித்த கண்ணாடி போட்டிருக்கிறான், பஸ் போர்டையெல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிறான். அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறபோதெல்லாம் சிவனம்மாளுக்குச் சந்தோஷம் வரும். கூடவே தீபாவின் ஞாபகமும் வரும். அவன் கண் தப்பியபிறகுதான் அவள் டார்ச் வாங்கினாள்.

மூக்காயியின் மகள் காளீஸ்வரியைத் தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் 2003-இல் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குச் சிவனம்மாளை அழைக்கவில்லை. வந்தால் பந்தியில் நின்று சொல்லிவிடுவாள் என்று பயம். அந்தப் பயம் சரிதான், அவள் சொல்லியிருப்பாள்.

2006 ஆடி. மார்க்கெட்டிலிருந்து திரும்பிய சோலைமலை காலிக் கூடையை இறக்கி வைத்தான். உடனே உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"காளி வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டியிருக்காம். கைப்புள்ளைக்கு அம்மையாம். அக்கா அங்க போயி நாலு நாளாச்சாம். தொப்பம்பட்டிக்காரர் ஒருத்தர் சொன்னாரு."

சிவனம்மாள் அவனையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன், சட்டைப் பையிலிருந்து இரண்டு புது பேட்டரிகளை எடுத்து நீட்டினான். "டார்ச்சுல மங்கலா எரியுதுன்னியே" என்றான்.

மகனை அவனிடம் விட்டுவிட்டு அவள் தனியாகக் கிளம்பினாள். திண்டுக்கல்லுக்கு ஒரு பஸ், பழனிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு டவுன் பஸ். தொப்பம்பட்டியில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. நிலைப்படியில் வேப்பிலை பச்சைப்பசேலென்று தொங்கியது. பத்து வருஷத்துக்கு முன் அவள் வாசலில் தொங்கிய அதே கட்டு, அதே முடிச்சு.

காளீஸ்வரியின் மாமியார் வெளியே வந்து மறித்தாள். "ஏனுங்க, யாருங்க நீங்க? கொழந்தைக்கு அம்மை போட்டிருக்குதுங்க. வெளியாளுங்க உள்ள வரப்படாதுங்க."

சிவனம்மாள் எட்டி அந்தக் கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்துத் தெருவில் எறிந்தாள். அந்த அம்மாள் அலறினாள். தோப்பிலிருந்து காளீஸ்வரியின் புருஷன் தண்டபாணி ஓடி வந்தான். அதற்குள் சிவனம்மாள் உள்ளே நுழைந்திருந்தாள். மூலையில் காளீஸ்வரி ஐந்து மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூக்காயி.

"அத்தே" என்று எழுந்தாள் காளீஸ்வரி. சிவனம்மாள் குனிந்து டார்ச்சை அடித்தாள். இடது கண் நல்ல கண்ணுக்குரிய சிவப்பாக ஒளிர்ந்தது. வலது கண் வெள்ளையாக மின்னியது.

"இன்னைக்கே மதுரைக்குக் கெளம்பணும். இது அம்மை இல்ல, கேன்சரு. இப்பப் போனா புள்ள பொழைக்கும், கண்ணுகூடப் பொழைக்கலாம்."

தண்டபாணிக்கு முகம் சிவந்தது. "என்னுங்க பேசறீங்க? வாசல்ல கட்டினத அறுத்தெறிஞ்சுட்டு, வாய்க்கு வந்ததச் சொல்றீங்க? உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியுங்க. புத்தி சரியில்லாதவங்கன்னு அத்தையே சொல்லியிருக்காங்க. மரியாதையா வெளிய போயிடுங்க."

அவன் கையை நீட்டி வாசலைக் காட்டினான். அவள் நகரவில்லை. இவனிடம் கத்திப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பத்து வருஷமாகக் கத்தியாயிற்று. இந்த வீட்டில் நம்பப்படுகிற வாய் ஒன்றுதான் இருந்தது, அது மூலையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

காளீஸ்வரியின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்து மூக்காயியின் மடியில் போட்டாள். டார்ச்சை அவள் கையில் திணித்தாள்.

"நீயே அடிச்சுப் பாரு மதினி. உனக்குத் தெரியாத வெளிச்சமா? மூணாவது தடவையாப் பாக்குற. எம்புள்ள மொகத்த முந்தானையப் போட்டு மூடுனியே, உம்பேத்தி மொகத்தையும் மூடு. மூடு, பாப்போம்!"

மூக்காயி டார்ச்சை எரியவிடவில்லை. அவள் கை தன்னை அறியாமல் முந்தானைக்குப் போனது. பாதியில் நின்றது. பிள்ளை அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"மாப்ள" என்றாள் மூக்காயி. டார்ச்சைக் கீழே வைத்தாள். "எந்தம்பிக்கு அம்மை போடல மாப்ள. கண்ணுல கட்டி. ஆஸ்பத்திரியில எடுத்தாக, நான்தான் தூக்கிட்டுப் போனேன். இவ மக தீபாவுக்கும் அதேதான். நான் சொல்லல. செத்துப்போச்சு. இவ சொல்றது அம்புட்டும் நெசம். புள்ளையத் தூக்குங்க."

தண்டபாணி கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினான். காளீஸ்வரி அழுதுகொண்டே பிள்ளைக்குத் துணி எடுத்துவைத்தாள். மாமியார் தெருவில் கிடந்த வேப்பிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, அதை எடுக்கவில்லை.

பழனி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் புறப்படத் தயாராக நின்றது. சிவனம்மாள் முண்டியடித்து ஏறி ஜன்னலோரத்தில் இடம்பிடித்துக் காளீஸ்வரியைப் பிள்ளையோடு உட்கார வைத்தாள். எந்த வார்டு, யாரைக் கேட்க வேண்டும், என்ன சீட்டு வாங்க வேண்டும் என்று தண்டபாணியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு வாசலும் அவளுக்கு மனப்பாடம்.

பஸ் கிளம்பியபிறகு மூக்காயி கம்பியைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "சிவனம்மா" என்றாள். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

சிவனம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"அத மாப்ளகிட்டச் சொல்றதுக்கு உனக்கு அரை நிமிசம்கூட ஆகல மதினி. எம்புள்ளைக்கு அந்த அரை நிமிசத்த ஏன் குடுக்கல?"

கண்டக்டர் வந்து எத்தனை டிக்கெட் என்று கேட்டார். நாலு என்று சிவனம்மாள்தான் சொன்னாள்.